அண்ணாவியும் ஆட்ட ஆசானும் – ஒரு திறனாய்வு

மலர்க்குழு நண்பர் தொலைபேசியில் அழைத்து, "இந்த வருஷமும் வில்லுப்பாட்டுத்தானே அண்ணாச்சி?" என்று கேட்டபோது அவர் குரலில் ஒரு சலிப்பு தெரிந்தது. அவர் மேல் குற்றமில்லை. முன்னர் மூன்று மலர்களில் அதைப் பற்றியே எழுதித் தீர்த்திருக்கிறேன். "இந்தத் தடவை விளையாட்டைப் பற்றி எழுதுகிறேன்" என்றேன். "கிரிக்கெட்டா?" என்றார். "இல்லை, பகடை" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. வில்லுப்பாட்டு இதிலும் வந்து சேரும் என்பதை அவரிடம் சொல்லவில்லை. இதைப் படிக்கும்போது தெரிந்துகொள்ளட்டும்.

பெங்களூரில் படிக்கும் என் தங்கை மகள் கோடை விடுமுறைக்கு உதியன்குளங்கரை வந்தபோது, ஒரு சுருக்குப்பை நிறையப் பகடைகள் கொண்டுவந்தாள். நமக்குத் தெரிந்த ஆறுமுகப் பகடை அதில் ஒன்றுதான். நான்கு முகம், எட்டு முகம், பத்து, பன்னிரண்டு, இருபது என்று நெல்லிக்காயும் புளியங்கொட்டையும் கலந்து கொட்டியது போல் திண்ணையில் பரப்பினாள். விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். ஆட்டம் இவ்வளவுதான்: நாலைந்து பேர் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையின் உலகத்தைச் சொல்வார். மற்ற ஒவ்வொருவரும் அந்தக் கதைக்குள் ஒரு ஆள். "நீ ஆத்தங்கரைக்கு வந்தாச்சு. தோணி இல்லை. பின்னால குதிரைச் சத்தம் கேக்குது. என்ன செய்யப் போறே?" என்று அவர் கேட்பார். ஆடுகிறவர் பதில் சொல்வார். நடக்குமா நடக்காதா என்ற ஐயம் வரும் இடத்தில் பகடை உருளும். காயோ கட்டமோ கட்டாயமில்லை. யாரும் ஜெயிப்பதில்லை. கதை அடுத்த வாரத்துக்குப் போகும்.

நடுவில் உட்கார்ந்து நடத்துகிறவரை அவர்கள் கேம் மாஸ்டர் என்கிறார்கள். தமிழில் 'நடத்துநர்' என்று எழுதலாமென்றால் கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸும் சில்லறைத் தகராறும் நினைவுக்கு வருகின்றன. மாஸ்டர் என்றே விடலாமா? நம் ஊரில் டெய்லர் மாஸ்டர் உண்டு, டீ மாஸ்டர் உண்டு, புரோட்டா மாஸ்டர் உண்டு. இவர்களில் டீ மாஸ்டர்தான் இந்த வேலைக்கு நெருங்கியவர் என்பது என் எண்ணம். யாருக்குச் சீனி குறைவு, யாருக்குக் கடுப்பம் என்று முகத்தைப் பார்த்தே ஆற்றுபவர் அவர். எனினும் கற்றோர் படிக்கும் மலர் என்பதால் 'ஆட்ட ஆசான்' என்று வைத்துக்கொள்கிறேன்.

இது நேற்று முளைத்த ஆட்டமன்று. 1974இல் அமெரிக்காவின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் பெயரில் மூன்று சிறு புத்தகங்கள் ஒரு பெட்டிக்குள் வைத்து வெளிவந்தன. முதல் அச்சு ஆயிரம் பிரதி. அதற்கும் முன்கதை உண்டு. 1824இல் பிரஷ்யப் படையில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி, அதிகாரிகளுக்குப் போர்ப் பயிற்சி தர, வரைபடமும் பகடையும் நடுவரும் கொண்ட ஓர் ஆட்டம் அமைத்தார். விதிகள் பெருகின, அட்டவணைகள் பெருகின, ஆட்டம் நத்தை வேகத்துக்கு வந்தது. 1876இல் வெர்டி டு வெர்ன்வா என்ற தளபதி அட்டவணையையும் பகடையையும் ஒதுக்கி வைத்துவிட்டு, அனுபவமுள்ள நடுவர் சொல்வதே முடிவு என்றார். விதியா, நடுவரின் விவேகமா என்ற அந்த வழக்கு இன்றும் தீரவில்லை. எங்கள் திண்ணையிலும் நடந்தது.

இன்னொரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. 1969இல் மின்னசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் பிரான்ஸ்டைன் என்ற கற்பனை ஊரை வைத்து ஓர் ஆட்டம் அமைத்தார். இரண்டு படைகள் மோதுவதற்கு முன், ஊரில் உள்ள ஆட்களாக ஒவ்வொருவரையும் நியமித்தார். அவர்கள் போரை மறந்துவிட்டுத் தங்களுக்குள் சதி பேசினார்கள், தனித்தனியாக வந்து வெஸ்லியிடம் விதியில் இல்லாததையெல்லாம் செய்யலாமா என்று கேட்டார்கள். ஆட்டம் கையை விட்டுப் போய்விட்டது, தோற்றுவிட்டேன் என்று அவர் நினைத்தார். ஆடியவர்களோ மறுபடி எப்போது என்று கேட்டார்கள். அவர்களில் ஒருவர்தான் பின்னாளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் இணையாசிரியரான ஆர்னசன். ஆக, இந்தக் கலையே ஓர் ஆசானின் 'தோல்வி'யில் பிறந்தது.

திண்ணைக்கு வருகிறேன். ஆட வந்தவர்கள் ஐந்து பேர். உதியன்குளங்கரை, பாறசாலை, தனுவச்சபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள், பன்னிரண்டிலிருந்து பதினேழு வயது வரை. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை மாநிலத்துக்குப் போக, நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் தங்கிவிட்ட வீடுகளின் மூன்றாம் நான்காம் தலைமுறை. வீட்டில் தமிழ் பேசுவார்கள், பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். இந்த மலரைப் படிக்கும் உங்களில் பலருடைய வீட்டுக் கதையும் இதுதானே?

தங்கை மகள் டிராகனை விட்டுவிட்டாள். உள்ளூர்க் கதையையே எடுத்தாள். எட்டுவீட்டில் பிள்ளைமார் துரத்த, இளவரசர் மார்த்தாண்டவர்மா நெய்யாற்றின்கரைக்கு ஓடிவருகிறார். வயலில் உழுதுகொண்டிருந்த பையன் ஒரு பலா மரத்தின் பொந்தைக் காட்டி ஒளியச் சொல்கிறான். அம்மச்சிப்பிலா என்ற அந்த மரத்தைக் கிருஷ்ணசாமி கோவில் வளாகத்தில் இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஒரு பிள்ளை இளவரசன், ஒருத்தி உழவன், மற்றவர்கள் மெய்க்காவலன், வைத்தியச்சி, உப்பு வியாபாரி. மரப்பொந்துக்குள் என்னவெல்லாம் நடக்கும் என்று மூன்று வாரம் உட்கார்ந்து நாற்பது பக்கம் எழுதி வைத்திருந்தாள். பொந்துக்குள் ஒரு குரல், குரலுக்குப் பின்னால் ஒரு வழி, வழிக்குப் பின்னால் ஒரு தெய்வம். நானும் படித்தேன். நன்றாகவே எழுதியிருந்தாள்.

முதல் நாள், முதல் அரைமணி நேரம். உழவன் பொந்தைக் காட்டியாயிற்று. உப்பு வியாபாரி சொன்னான்: "உள்ள போனா மாட்டிக்கிடுவோம். நாங்க போகல. நெய்யாத்தக் கடந்து தெக்க போறோம்." எல்லாரும் "ஆமா, ஆமா" என்றார்கள். நாற்பது பக்கமும் போயிற்று.

இந்த இடத்தில் ஆசான் செய்யக்கூடியவை பல. மழை பெய்வித்து, ஆற்றில் வெள்ளம் வரவழைத்து, நான்கு பக்கமும் குதிரைகளை நிறுத்தி, எப்படியாவது பொந்துக்குள் தள்ளலாம். தண்டவாளத்தில் ஏற்றிவிடுவது என்று இதற்கு அவர்களிடையே ஒரு பேச்சு உண்டு. எங்கள் வழியாகப் போகும் திருவனந்தபுரம் – நாகர்கோவில் ரயில் 1979இல் வந்தது. அதில் ஏறியவன் பாறசாலையில் இறங்கலாம், இரணியலில் இறங்கலாம், வண்டியைத் திருப்ப மட்டும் முடியாது. தங்கை மகள் நோட்டுப் புத்தகத்தை மூடினாள். தண்ணீர் குடித்தாள். "சரி, ஆத்தங்கரை. இருட்டு. துணி வெளுக்கிற கல்லு மேல ஒரு கிழவி உக்காந்திருக்கா" என்றாள். அந்தக் கிழவி நாற்பது பக்கத்தில் எங்குமே இல்லை. இதைத்தான் அவளுடைய முதல் வெற்றி என்பேன்.

அவள் செய்த பிழையையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் இது திறனாய்வாகாது. மருமகளுக்கு மாமன் எழுதும் வாழ்த்துமடலாகிவிடும். ஆசானுக்கு முன்னால் அட்டைத் தட்டி ஒன்று இருக்கும், அதற்குப் பின்னால் பகடையை உருட்டுவார். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் கவனித்தேன். வைத்தியச்சியை அம்பு தைக்க வேண்டிய எண் விழுந்தது. "மயிரிழையில தப்பிச்சிட்டே" என்றாள். இரண்டாம் முறையும் அப்படியே. சின்னப் பிள்ளை அழுமே என்ற இரக்கம். ஆனால் பிள்ளைகளுக்கு மூக்கு உண்டு. இரண்டாம் வாரம் யாரும் எதற்கும் பயப்படவில்லை. குதிரை வந்தால் என்ன, வாள் வந்தால் என்ன, அக்கா காப்பாற்றிவிடுவாள். உப்பு வியாபாரியாக ஆடியவன் விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவன். நான் அவனுக்கு வக்கீல் என்று பெயர் வைத்திருந்தேன். அவன் எழுந்து, "அக்கா, பகடைய வெளிய உருட்டுங்க" என்றான். அவள் தட்டியை மடித்து வைத்தாள்.

சகுனி ஜெயிப்பதற்காகப் பகடையில் பொய் வைத்தான். இவள் தோற்கவிடாமல் இருப்பதற்காக வைத்தாள். இரண்டிலும் எதிரே இருப்பவன் ஏமாளியாகிறான் என்பதே என் தீர்ப்பு. மூன்றாம் வாரம் ஆற்றைக் கடக்கும்போது, எல்லார் கண்ணுக்கும் முன்னால், வக்கீல் கையாலேயே உருண்ட இருபது முகப் பகடையில் ஒன்று விழுந்தது. உப்பு வியாபாரியை ஆறு கொண்டுபோயிற்று. பையன் முகம் வெளுத்துவிட்டது. ஆட்டத்தை நிறுத்தி எல்லாருக்கும் கட்டஞ்சாயா போட்டோம். பத்து நிமிடம் கழித்து அவனே வந்து, "நான் இனி தோணிக்காரன். வியாபாரியோட தம்பி. அண்ணனத் தேடி வந்திருக்கேன்" என்றான். பிறகு அந்தத் திண்ணையில் கொசு கடித்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

இனி வில்லுப்பாட்டு. வில்லின் நடுவே வீசுகோல் பிடித்து உட்காருபவரைப் புலவர் என்றும் அண்ணாவி என்றும் சொல்வது வழக்கம். உடுக்கு, குடம், தாளம், கட்டை சூழ இருக்கும். காப்பு, வருபொருள், குருவடி, அவையடக்கம், நாட்டுவளம், கதைக்கூறு, வாழி என்று வரிசை உண்டு. கதை ஏற்கெனவே முடிவானது. இரவிக்குட்டிப் பிள்ளை கணியாகுளம் போரில் மாள்வார் என்பது கூடியிருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். பொந்துக்குள் போகமாட்டேன் என்று யாரும் எழுந்து சொல்ல முடியாது. அப்படியென்றால் ஆட்ட ஆசானுக்கும் அண்ணாவிக்கும் என்ன உறவு?

எழுபதுகளில், எல்லைக்கு அந்தப்புறம் ஒரு சுடலைமாடன் கோவில் கொடையில் நான் கண்டதைச் சொல்கிறேன். சாமக்கொடை. சாமி வரவேண்டிய இடத்துக்குக் கதை வந்துவிட்டது. சாமியாடி சும்மா நிற்கிறார். உடுக்கு உச்சத்துக்குப் போய்த் திரும்பிவிட்டது. கூட்டத்தில் முணுமுணுப்பு. நானாக இருந்தால் இன்னும் உரக்கப் பாடியிருப்பேன். அண்ணாவி பாட்டை நிறுத்தினார். குடம் அடிப்பவர் மெதுவாக, "அண்ணாவி, அந்தத் தாய்க்காரி அதுக்கு என்ன சொன்னா?" என்று கேட்டார். அது முன்பே பாடி முடித்த இடம். அண்ணாவி திரும்பிப் போய்த் தாயின் புலம்பலை வேறு மெட்டில், தணிந்த குரலில் எடுத்தார். ஓரத்தில் ஒரு பெரியவர், "ஏட்டுல அப்படி இல்லையே ஓய்" என்றார். அவர்தான் அன்றைய வக்கீல். "ஏடு உம்ம வீட்டுல பத்திரமா இருக்கட்டும் வே, சாமி இங்கனல்லா நிக்கு" என்று பாட்டுக்கு நடுவிலேயே பதில் வந்தது. நாலாவது அடியில் சாமியாடியின் தோள் அசைந்தது.

அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வில்லுப்பாட்டைப் பற்றி எழுதிய நூலில், வீரன் சாகும் பகுதியும் சாமி இறங்கும் நேரமும் ஒன்றோடொன்று பிணைந்து கிடப்பதை விரிவாகக் காட்டுகிறார். நான் அதோடு ஒன்று சேர்ப்பேன். கதை முழுதும் அண்ணாவியுடையது; ஆனால் அதன் உச்சி அவருடையதன்று. சாமியாடி வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்குகிறாரா என்று பார்த்துக்கொண்டே கொடுப்பதுதான் அண்ணாவியின் வேலை. கூட்டத்தின் காது எங்கே இருக்கிறது என்று அவருக்குச் சொல்பவர் குடம் அடிப்பவர். அவருடைய "ஆமா" வெறும் ஒத்து ஊதலன்று. கேட்பவர் மனத்தில் எழும் கேள்வியைக் கேட்பவர் அவர்.

இந்தப் பங்கீடு மேடை வில்லுப்பாட்டில் தேய்ந்துவிட்டது என்று சொன்னால் சிலர் கோபிக்கக்கூடும். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் இதைக் கோவில் முற்றத்திலிருந்து பொதுமேடைக்குக் கொண்டுவந்ததும், 2021இல் பத்மஸ்ரீ பெற்ற சுப்பு ஆறுமுகம் 2022இல் மறையும் வரை அதை நாடெங்கும் கொண்டுசென்றதும் பெரிய காரியங்கள். அவர்கள் இல்லையென்றால் வெளிமாநிலச் சங்க மேடைகளில் இந்த வில்லே ஏறியிருக்காது. ஆனால் மேடையில் வாங்கிக்கொள்ளச் சாமியாடி இல்லை. கலைவாணரிடமும் சுப்பு ஆறுமுகத்திடமும் அந்தக் குறையை நகைச்சுவை நிரப்பியது. கூட்டம் சிரித்து வாங்கிக்கொண்டது. அவர்களைப் பார்த்து எழுதும் நம் சங்க விழாக்களிலோ, இருபது நிமிடத்தில் ஒருவர் தமிழின் பெருமை பேச, பக்கத்தில் நால்வர் மனப்பாடமாக "ஆமாம், ஆமாம்" போடுகிறார்கள். எதற்கு ஆமாம் என்று அவர்களுக்கும் தெரியாது. பிள்ளைகள் பின்வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவு பேசும் நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். ஐந்தாம் வாரம் தங்கை மகளுக்கு ஏதோ தேர்வு. ஊருக்குப் போக வேண்டியதாயிற்று. "மாமா, நீங்க நடத்துங்க. உங்களுக்குத் தெரியாத கதையா?" என்றாள். எனக்கும் உள்ளுக்குள் அந்த ஆசை இருந்தது. நாற்பது வருஷம் வில்லடி கேட்டவன், சி.வி. ராமன் பிள்ளையின் மார்த்தாண்டவர்மாவை இரண்டு மொழியில் படித்தவன். ஐந்து பிள்ளைகளைச் சமாளிக்க முடியாதா?

முதல் இருபது நிமிடம் நான்தான் பேசினேன். வேணாட்டு வரலாறு, எட்டுவீட்டில் பிள்ளைமாரின் அதிகாரம், அந்நாளைய வரிகள். அருமையாகப் பேசினேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன். தோணிக்காரன் கொட்டாவி விட்டான். பிறகு ஒரு வழியாக, துரத்திவந்தவர்கள் உழவனைப் பிடித்து விசாரிக்கும் கட்டம். அந்த வேடத்தில் ஆடியவள் பன்னிரண்டு வயதுக் குட்டி, நாலு வாரமும் அதிகம் வாய் திறவாதவள். "இளவரசன் எந்தப் பக்கம் போனான்? சொல்லு" என்று நான் உறுமினேன். அவள் தலையைக் குனிந்து, அசல் உழவனைப் போலவே கைகளைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "எனக்கு ஓர்மை இல்ல ஏமானே. நான் காளையத்தான் பாத்துக்கிட்டு நிண்ணேன்."

என்ன அழகான பொய்! என்ன அழகான வரி! நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஓர்மைன்னு சொல்லாதே மக்ளே, அது மலையாளம். நினைவு இல்லன்னு சொல்லு" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்த நொடியில் உழவன் போய்விட்டான். எதிரே இருந்தது, வாத்தியார் முன்னால் நிற்கும் ஒரு மாணவி. "நினைவு இல்லை" என்றாள். அதற்குப் பின் என்ன கேட்டாலும், "நான் சும்மா நிக்கேன்." மற்றவர்களும் ஒவ்வொரு வாக்கியத்தையும் சொல்வதற்கு முன் என் முகத்தைப் பார்த்தார்கள். ஏழரை பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ஏழு மணிக்கே எழுந்து போய்விட்டார்கள்.

இரவு படுத்தபோதுதான் உறைத்தது. "ஓர்மை இருக்காலே?" என்று என் அம்மா கேட்காத நாளில்லை. தெற்கே குமரி மாவட்டத்தில் இன்றும் அதைச் சொல்கிறார்கள். ஓர்தல் தமிழில் இல்லாத வேரா? இரவிக்குட்டிப் பிள்ளை போர் போன்ற நம் பக்கத்துக் கதைப்பாடல்களை மலையாள இலக்கிய வரலாறு தெக்கன் பாட்டுகள் என்று தன் கணக்கில் எழுதுகிறது, நாம் தமிழ்க் கதைப்பாடல் என்று நம் கணக்கில் எழுதுகிறோம்; இரண்டு கணக்கும் செல்லுபடியாகிற மொழியில்தான் அவை கிடக்கின்றன. அண்ணாவிமார் அந்த மொழியைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பாட்டே வந்திருக்காது. அந்தக் குட்டி நான்கு வாரம் காத்திருந்து, தனக்கென்று ஒரு சொல்லோடு வந்தாள். வாங்கிக்கொள்ள வேண்டிய நேரத்தில் நான் ஏட்டைத் திறந்துவிட்டேன்.

ஆட்டத்தை நடத்தக் கற்றுத்தரும் புத்தகங்கள் இப்போது ஏராளம். 1979இலேயே ஆசானுக்கென்று தனியாக ஒரு தடித்த நூல் வந்துவிட்டது. தங்கை மகளிடம் இருந்த புதிய பதிப்பைப் புரட்டிப் பார்த்தேன். உலகம் படைப்பது, பூதங்களுக்கு உயிரளவு வைப்பது, புதையல் பங்கிடுவது என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. பேசத் தயங்குகிற பிள்ளையை எப்படிக் கேட்பது என்பதற்கு இருக்கும் இடம் அதோடு ஒப்பிட்டால் கொஞ்சம். குடம் அடிப்பவருக்கு அந்த ஆட்டத்தில் ஆளே நியமிக்கவில்லை என்பது என் பெரிய குறை. ஆசான் ஒருவரே பாட வேண்டும், ஒருவரே காதாகவும் இருக்க வேண்டும். அதனால்தான் மூன்று மணி நேரம் நடத்திவிட்டு என் தங்கை மகள் தொண்டை கட்டிப்போய்ச் சுவரில் சாய்ந்து கிடந்தாள்.

அவள் தேர்வு முடிந்து திரும்பி வந்ததும் நடந்ததைச் சொன்னேன். திட்டவில்லை. "மாமா, நீங்க என் பக்கத்துல உக்காந்து குடம் அடிங்க" என்றாள். குடம் இல்லை, ஒரு எவர்சில்வர் செம்பு கொடுத்தாள். அடுத்த ஆட்டத்தில் என் வேலை, யாராவது சொல்லி முடித்ததும் செம்பை ஒரு தட்டுத் தட்டி, "அதுக்குப் பொறவு?" என்று கேட்பது. வேறு பேச்சுக்கு அனுமதி கிடையாது. அவள் கதையைத் துரத்திவந்தவர்கள் கேள்வி கேட்ட இடத்துக்கே திருப்பி எடுத்துப் போனாள். "குதிரைக்காரன் மறுபடி கேக்கான். எந்தப் பக்கம் போனான்?" குட்டி என்னைப் பார்த்தாள். நான் செம்பைத் தட்டினேன்.

"எனக்கு ஓர்மை இல்ல ஏமானே," என்றாள். "ஆனா உங்க குதிரைக்கு ஓர்மை இருக்கும். அதத் தண்ணி குடிக்க விடுங்க, அது எங்க போவுதோ அங்கன போங்க."

"அதுக்குப் பொறவு?" என்றேன்.

குதிரைகள் வடக்கே ஆற்றங்கரைக்குப் போயின. இளவரசர் இப்போது அமரவிளையில் ஒரு வைக்கோல் படப்புக்குள் இருக்கிறார். பெங்களூரில் கல்லூரி திறந்துவிட்டதால் ஓணம் விடுமுறைக்குத்தான் அவர் உதியன்குளங்கரை வந்து சேர வேண்டும்.